மில்லிக்கன் கோழிநூடில்ஸ் தலபுராணம்

காப்பு

தலபுராணம் பாடுகிறவர்கள் முதலில் பிள்ளையாரைக் கும்பிடுவார்கள். அவர் கையில் மோதகம் வைத்திருக்கும் சுத்த சைவம். அவரை இந்த வில்லங்கத்துக்குள் இழுப்பது முறையல்ல. ஆகவே நேரே தம்பியாரிடம் போய்விடுவோம். சூரனை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில் ஏற்றியவர் முருகன். சேவல் மேலே போய்விட்டது. அதன் பெண்டாட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தச் சட்ட ஓட்டைக்குள்ளால்தான் தமிழன் கோழியைச் சட்டிக்குள் இறக்கினான்.

ஒரு தலத்துக்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் வேண்டும். இங்கே மூர்த்தி கோழி. தலம் மில்லிக்கன். தீர்த்தம், அந்தக் கோழி இரண்டு மணித்தியாலம் கிடந்து கொதித்த சூப். இதற்குள் நூடில்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு கோழியை வைத்துக்கொண்டு பத்துப் பேரை நம்பவைக்க மனிதகுலம் கண்டுபிடித்த மோசடிதான் நூடில்ஸ். இந்தப் புராணம் முழுக்க அந்த ஒரு மோசடியின் சரித்திரம்.

திருநகரப் படலம்

மில்லிக்கன் ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில் கிடக்கிறது. நடுவே ஸ்டீல்ஸ் அவெனியூ ஓடுகிறது. தெற்குக் கரை ஸ்காபரோ, வடக்குக் கரை மார்க்கம். இரண்டு நகரசபை, இரண்டு வரி, இரண்டு குப்பை நாள். இத்தனை பெரிய எல்லைக் கோட்டுக்கு ஏதோ மன்னரின் பெயர் என்று நினைக்கவேண்டாம். யங் வீதி மூலையில் சத்திரம் நடத்திய ஸ்டீல் என்ற குடும்பத்தின் பெயர் அது. பயணிகளுக்குச் சோறும் சாராயமும் விற்றவர்கள் நகரத்துக்கு எல்லை போட்டிருக்கிறார்கள். தமிழர் வந்து குடியேற இதைவிடப் பொருத்தமான தெரு கிடைக்காது.

ஆதியில் இந்தப் பக்கம் வெண்டாட் மக்கள் சோளமும் அவரையும் பூசணியும் விதைத்தார்கள். கோழியும் இல்லை, கோதுமையும் இல்லை. அந்த இரண்டையும் கப்பலில் கொண்டுவந்தவர்கள் திரும்பிப் போகும்போது நிலத்தை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் திரும்பிப் போகவே இல்லை.

1807இல் நோர்மன் மில்லிக்கன் வந்து சேர்ந்தார். அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய ராஜா பக்கம் நின்று தோற்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். தோற்ற கட்சிக்காரருக்குக் காட்டை எழுதிக்கொடுத்து, போய் வெட்டிப் பிழை என்று அனுப்புவது அக்கால அரச தருமம். மில்லிக்கன் மரம் வெட்டினார், சந்தி ஒன்று முளைத்தது, சந்திக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1871இல் ரயில் வந்தது. இன்று அதே பாதையில் கோ ரயில் ஓடுகிறது. காலையில் அதில் ஏறும் தமிழ் இளைஞனின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நமது ஆராய்ச்சி.

மூர்த்திச் சிறப்பு

கோழியின் பூர்வீகம் தென்கிழக்காசியக் காடு. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் தோண்டி எடுத்த எலும்புகளை வைத்து, ஏறக்குறைய 3500 ஆண்டுகளுக்கு முன்னரே கோழி மனிதனோடு குடித்தனம் நடத்தியதாக 2022இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனிதன் கோழியைப் பிடித்துவந்து வளர்த்தான் என்று நாங்கள் படித்திருக்கிறோம். ஆய்வாளர்கள் சொல்வது வேறு. மனிதன் தினையும் நெல்லும் விதைத்தான். சிந்திய மணியைப் பொறுக்கக் காட்டுக்கோழி தானாகவே மரத்தை விட்டு இறங்கி வந்தது. இலவசச் சாப்பாடு கிடைக்கிறது என்று முன்பின் யோசிக்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே முதல் உதாரணம்.

தமிழ்நாட்டில் அதற்கு மரியாதை இருந்தது. சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர். அங்கே ஒரு சேவல் யானையோடு சண்டை போட்டு வென்றதாம். வீரம் விளைந்த மண் என்று சோழன் அந்த இடத்திலேயே தலைநகர் கட்டினானாம். யானையைத் துரத்திய பரம்பரை இன்று ஸ்காபரோத் தமிழ்க்கடைக் குளிர்பெட்டிக்குள் இரண்டு வகுப்பாகப் பிரிந்து படுத்திருக்கிறது. ஒன்று சொஃப்ட் சிக்கின், மற்றது ஹார்ட் சிக்கின். சொஃப்ட் என்பது ஆறேழு வாரத்தில் ஊதி வளர்ந்த பிள்ளை. ஹார்ட் என்பது முட்டை போட்டுக் களைத்த கிழவி. இந்தப் புராணத்தின் நாயகி கிழவிதான். சூப்புக்கு வேண்டிய சாரம் அவளிடம்தான் இருக்கிறது. பிள்ளையைக் கொதிக்கவைத்தால் அரைமணியில் பஞ்சாகிப் போய்விடும்.

மூர்த்தியை வீட்டிலேயே பிரதிஷ்டை செய்யலாமே என்றால் சட்டம் விடாது. ரொறன்ரோவில் வளர்க்கக்கூடாத விலங்குகளின் பட்டியலில் முதலையோடும் சிங்கத்தோடும் கோழியும் இருக்கிறது. 2018இல் சில வட்டாரங்களில் மட்டும் பரீட்சார்த்தமாக விட்டுப் பார்த்தார்கள். ஸ்காபரோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யானையை வென்ற வரலாறு நகரசபைக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

நூல் திரித்த படலம்

சீனாவில் மஞ்சள் ஆற்றங்கரையில் லாஜியா என்ற ஊர். ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் யாரோ சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். நிலம் குலுங்கியது, வெள்ளம் வந்தது, கிண்ணம் கவிழ்ந்தது. கவிழ்ந்த கிண்ணத்துக்கு அடியில் அரை மீற்றர் நீளமான நூடில்ஸ் அப்படியே இருந்ததாக 2005இல் ‘நேச்சர்’ இதழில் செய்தி வந்தது. தினையும் பனிவரகும் கொண்டு செய்தது. தினை எங்களிடமும் இருந்தது. நாங்கள் அதைத் தேனில் பிசைந்து வேடனிடமும் வள்ளியிடமும் கொடுத்துக் காதல் கதை பண்ணிக்கொண்டிருந்தோம். சீனர் அதை நூலாக இழுத்தார்கள். அவரவர் முன்னுரிமை.

அடுத்து மார்க்கோ போலோ சீனாவிலிருந்து நூடில்ஸை இத்தாலிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே, 1154இல், அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் சிசிலித் தீவில் மாச்சரம் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி பண்ணுகிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டார். மார்க்கோ போலோ கதையை 1929இல் ஊர் முழுக்கப் பரப்பியது ஒரு அமெரிக்க மக்கரோனி வியாபாரச் சஞ்சிகை. தலபுராணம் எழுதுகிறவன் கோயில் கணக்கப்பிள்ளையாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

எங்களிடம் இடியப்பம் இருந்தது. மாவைக் கொதிநீரில் குழைத்து, உரலில் போட்டு, தட்டில் பிழிந்து, ஆவியில் அவித்தால் நூல் ரெடி. காயவைக்கத் தேவையில்லை, வெட்டத் தேவையில்லை. நூடில்ஸ் தமிழனின் கண்டுபிடிப்பு என்று இன்னும் யாரும் கிளம்பாதது எனக்கு ஆச்சரியம். எப்படியும் இன்னும் ஒரு வாட்ஸ்அப் தூரம்தான்.

ஏஜென்சிக்காரர் ஓவியம் வரைந்த படலம்

இனி மில்லிக்கன் பக்கம் வருவோம். 1794இல் வில்லியம் பெர்சி என்பவர் 60க்கும் மேற்பட்ட ஜெர்மன் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு மார்க்கம் காட்டுக்குள் இறங்கினார். அவருடைய இயற்பெயர் யோகான் ஆல்பிரெக்ட் உல்ரிக் மோல். பெயரை மாற்றியிருக்கிறார், ஆட்களைக் கப்பலேற்றுகிறார், போய்ச் சேரும் இடத்தைப் பற்றி அள்ளி விடுகிறார். ஈழத்தமிழருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். ஆள் ஏஜென்சி.

1792இல் ஹாம்பர்க்கில் ஏற்றிய சனத்தை முதலில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு நிலக் கம்பனியிடம் கொண்டுபோய் இறக்கினார். அங்கே கம்பனியோடு தகராறு. உடனே மேல் கனடாவின் துணை ஆளுநர் சிம்கோவைப் பிடித்தார். 64,000 ஏக்கர் தருகிறேன், பதிலுக்கு யங் வீதியை வெட்டித் தா என்றார் சிம்கோ. வெட்டினார்கள். முதற் குளிர்காலங்களில் உணவு வராமல் சனம் பட்டினி கிடந்தது. கொஞ்சப் பேர் நயாகரா பக்கம் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் ஓடைக்கரையில் மரமரியும் ஆலையும் மா அரைக்கும் ஆலையும் கட்டினார்கள். ஜெர்மன் மில்ஸ் என்ற பெயரில் அந்த இடம் இன்னும் இருக்கிறது. மா ஆலை தயார், மாதான் போதவில்லை. அரசாங்கம் பிறகு ஏக்கர் கணக்கில் ஆயிரம் ஓட்டை சொல்லி இழுத்தடிக்க, பெர்சி கடனாளியானார்.

அவர் ஊர் ஊராக அலைந்த நாட்களில் குடியேற்றத்தின் கணக்கு வழக்கைப் பார்த்தது அவர் மனைவி சார்லட். அவரும் கணவரைப் போல ஓவியம் கற்றவர். பெர்சி கடைசியில் தூரிகைக்கே திரும்பி, மொஹாக் தலைவர் ஜோசப் பிரான்டையும் கியூபெக்கின் வூல்சி குடும்பத்தையும் வரைந்து கனடிய ஓவிய வரலாற்றில் இடம் பிடித்தார். காடு வெட்டியவர்களை யாரும் வரையவில்லை. அவர்கள் கையில் ஒழுங்கான சட்டை இருந்திருக்காது.

குதிரை போய்க் கோழி வந்த படலம்

அடுத்து பென்சில்வேனியாவிலிருந்து மென்னொனைட்டுகள் வந்தார்கள். ஜெர்மன் பேசுவார்கள், துப்பாக்கி தூக்கமாட்டார்கள், பகட்டாக உடுத்தமாட்டார்கள். ரீசர் குடும்பம் 1804இல் பெரிய கூண்டு வண்டிகளில் வந்து மார்க்கத்தில் இறங்கியது. அதற்கு முன்னரே இடம் பார்க்க வந்த பீற்றர் ரீசர், தான் ஏறிவந்த குதிரையைச் சேணத்தோடு கொடுத்து நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கிவிட்டு நடந்தே ஊர் திரும்பினார் என்பது குடும்பக் கதை. இன்று அதே மார்க்கத்தில் குதிரைக்குப் பதில் கார் கொடுத்தால், காரை நிறுத்த இடம் தருவார்கள். வாடகைக்கு.

வீட்டில் செய்த கோழியும் நூடில்ஸும் என்ற சாமான் இந்தக் கூட்டத்தின் சொத்து. அதன் சூட்சுமத்தைப் பாருங்கள். இலையுதிர் காலம் முடிந்ததும் கோழி முட்டை போடுவதைக் குறைக்கும். குளிர்காலம் முழுக்கத் தீனி போடுவதா, கதையை முடிப்பதா? முடிப்பதென்றால் கிழட்டுக் கோழி பொரியலுக்கு உதவாது, கொதிக்கத்தான் வேண்டும். மேசையைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள், ஒரு கோழி. அப்போதுதான் வீட்டுக்காரி மாவில் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றினாள். பிசைந்து, பரத்தி, நாடாவாக வெட்டி, மேலே தூவிய மாவையும் உதறாமல், கொதிக்கும் சூப்புக்குள் கொட்டினாள். உதறாத மாவால் சூப் தடித்தது. தடித்ததால் நிறைய இருப்பதாகத் தோன்றியது. ஒவ்வொரு கோப்பையிலும் நாலு நார் இறைச்சி மிதந்தது. எல்லோரும் கோழி சாப்பிட்டதாக எழுந்து போனார்கள். தாயைத் தாயின் முட்டையோடு சேர்த்து விழுங்கும் காரியம் என்பதை அந்தப் பக்திமான்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஹக்கா வந்த படலம்

இனி, கல்கத்தா வழியாக ரொறன்ரோவுக்கு வந்த சீனரின் கதை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோங் அச்சியு என்ற சீனர் கல்கத்தாவுக்கு அருகே வந்திறங்கி, வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கிச் சீனி ஆலை போட்டார். அவர் பெயரால் அச்சிப்பூர் உண்டாயிற்று. பின்னால் வந்த ஹக்கா என்ற சீனக் கூட்டத்தார் கல்கத்தாவின் தாங்க்ராவில் தோல் பதனிட்டார்கள். பகலில் தோல், இரவில் நூடில்ஸ். வங்காளிக்குச் சீனச் சாப்பாடு சப்பென்றிருந்ததால் பச்சைமிளகாயையும் உள்ளியையும் அள்ளிப் போட்டுப் பழக்கினார்கள். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் சிக்கன் மஞ்சூரியன் செய்தார். மஞ்சூரியாவில் யாருக்கும் அதைத் தெரியாது.

1962இல் இந்தியாவும் சீனாவும் இமயமலையில் மோதின. தண்டனை கல்கத்தாவிலும் அஸ்ஸாமிலும் நூடில்ஸ் கிண்டியவனுக்கு. ஏறக்குறைய 3000 சீன இந்தியரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். பல தலைமுறையாக இந்தியாவில் பிறந்தவர்கள், சிலருக்குச் சீனமொழியே வராது. வெளியே வந்தபோது கடை வேறு ஆள் கையில். பலர் பெட்டியைக் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தார்கள். ஸ்காபரோவில் இன்றைக்கும் தெருவுக்குத் தெரு ஹக்காக் கடை. சில்லிச் சிக்கினும் ஹக்கா நூடில்ஸும் வாங்க வெள்ளிக்கிழமை இரவு வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். உறைப்பு என்ற ஒரே மதத்தில் இரு இனமும் கலந்துவிட்டன.

ஹொங்கொங் சீனர் வந்த கதை வேறு. 1984இல் ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு சறுக்குச்சில்லு விளையாட்டு மண்டபத்தை வாங்கி டிராகன் சென்ரர் என்று சீனக் கடைத்தொகுதி ஆக்கினார்கள். கார் நிறுத்த இடமில்லை என்று பழைய குடிகள் கொதித்தார்கள். அவர்கள் கவலைப்பட்டது கார் நிறுத்துமிடத்தைப் பற்றி மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். 1997இல் கென்னடி–ஸ்டீல்ஸ் சந்தியில், முன்பு கலன் கன்ரி பார்ன்ஸ் என்ற பண்ணைவீட்டுப் பாணிக் கடைத்தொகுதி இருந்த இடத்தில், பசிபிக் மோல் எழும்பிற்று. மரத்தூணும் ஊறுகாய்ப் போத்தலும் இருந்த இடத்தில் கையால் இழுத்த நூடில்ஸ். ஜெர்மன்காரி இருநூறு ஆண்டுக்கு முன் பூரிக்கட்டையால் பரத்திய அதே மா, அதே மண், இப்போது காற்றில் ஆடிக்கொண்டு நீள்கிறது.

அண்டோ தவம் செய்த படலம்

மோசடி பூரணம் எய்தியது ஜப்பானில். மோமோபுக்கு அண்டோ தைவானில் 1910இல் பிறந்தவர். துணி வியாபாரம், வரி வழக்கு, சிறை, தலைமை வகித்த கடன் சங்கம் திவால் என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிவிட்டு, 47ஆம் வயதில் ஒசாக்காவுக்குப் பக்கத்து இக்கெடாவில் தன் கொல்லைப்புறக் கொட்டகைக்குள் நுழைந்தார். நூடில்ஸை எப்படிக் காயவைத்து வைப்பது என்று ஒரு வருடத் தவம். மனைவி மசாக்கோ எண்ணெய்க்குள் தெம்புரா போட, மாவிலிருந்த நீர் குமிழிகுமிழியாக வெளியேறியதைப் பார்த்து ஞானம் பிறந்தது. நூடில்ஸைப் பொரித்தார். 1958 ஓகஸ்ட் 25ஆம் தேதி சிக்கன் ராமென் கடைக்கு வந்தது. கொதிநீர் ஊற்றி 2 நிமிடம்.

ஏன் கோழி? அவருடைய மகன் சிறுவயதில், சமைக்க எடுத்த கோழி துள்ளியதைப் பார்த்துப் பயந்து, கோழியே தொடாமல் இருந்தானாம். பாட்டி வைத்த கோழிச் சாற்றில் நூடில்ஸ் போட்டுக் கொடுத்ததும் சத்தமில்லாமல் குடித்துவிட்டானாம். அது மட்டுமல்ல, மாடு ஒருவருக்கு ஆகாது, பன்றி இன்னொருவருக்கு ஆகாது. கோழிக்கென்று எந்த மதத்திலும் தனிப் பாதுகாப்பு இல்லை. கோழிச் சாறு எல்லா எல்லையையும் தாண்டும் என்பதை அண்டோ கண்டுகொண்டார். மென்னொனைட் தாய் ஒரு கோழியைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டாள். அண்டோ கோழியின் சாரத்தை ஊருலகம் முழுவதற்கும் பங்கிட்டார். கோழி எங்கே என்று தேடினால் பாக்கெற்றின் மேலே படமாக நிற்கும்.

தமிழர் கோப்பை கழுவிய படலம்

எழுபதுகளில் சிறிமாவோ காலத்துப் பாண் வரிசையில் விடியற்காலை நின்ற சாதி நாங்கள். கோதுமை எங்கள் வயலில் முளைக்காது, கப்பலில்தான் வரும். யாழ்ப்பாணத்துக் குசினியில் அதற்கு அமெரிக்கன் மா என்றே பெயர். 1980இல் சிங்கப்பூர்ப் பிரிமா கம்பனி திருகோணமலையில் பெரிய மா ஆலையைத் திறந்தது. மாவை அவித்து, அரித்து, இடியப்பமும் பிட்டும் ஆக்கினோம். விருந்தாளி வந்தால் கொல்லைக்குள் ஓடி ஊர்க்கோழியைத் துரத்துவது சின்னப் பிள்ளைகளின் கடமை. ஒரு கோழி, பன்னிரண்டு பேர். குழம்பு தண்ணீராக, இடியப்பம் மலையாக வரும். குழம்பை ஊறவிட்டுச் சாப்பிடு, அதுதான் ருசி என்று பெரியவர்கள் புத்தி சொல்வார்கள். தொடையிறைச்சி அவர்கள் தட்டில் இருந்தது.

1983 கறுப்பு யூலைக்குப் பிறகு உலகம் முழுக்கச் சிதறினோம். 1986 ஓகஸ்டில் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்துகொண்டிருக்க, கஸ் டால்ரன் என்ற மீனவர் கண்டு ஏற்றினார். ஏஜென்சி சொன்ன கணக்கும் கடல் சொன்ன கணக்கும் ஒத்துவரவில்லை. பெர்சியின் ஆட்களைக் கேட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்.

பிறகு ஸ்காபரோ அடுக்குமாடி. இரண்டு அறை, எட்டுப் பெடியங்கள். பகல் ஷிஃப்ற் எழும்பிப் போன மெத்தையில் இரவு ஷிஃப்ற் வந்து விழும். பெரும்பாலானோர் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். வீட்டில் மிஸ்டர் நூடில்ஸ். மேற்குக் கனடாக் கம்பனி ஒன்றின் பாக்கெற், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதைப் பிரித்தவுடன் எங்களவன் முதலில் செய்வது உள்ளே இருக்கும் மசாலாப் பொட்டலத்தைத் தூர வீசுவது. வெண்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூள், இரண்டு முட்டை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டுப் பேருக்குமாக ஒரு கோழி. கோழியைப் பிய்த்து நூடில்ஸோடு தாச்சியில் போட்டுக் கொத்தினால் யாருக்கு எவ்வளவு என்று சண்டை வராது. எந்தத் துண்டு யாருடையது என்று தெரிந்தால்தானே சண்டை.

எட்டுப் பேரும் கலியாணம் முடித்தார்கள், அடைமானம் எடுத்தார்கள், ஸ்டீல்ஸுக்கு வடக்கும் தெற்குமாக வீடு வாங்கினார்கள். பேஸ்மென்ரில் புதிதாக வந்த எட்டுப் பேரை வாடகைக்கு வைத்தார்கள்.

மாமி உரல் எடுத்த படலம்

இந்தச் சரித்திரம் எல்லாம் படித்துத் தலைக்கேறிய ஒரு மருமகன் மார்கழிக் குளிரில் மில்லிக்கன் வீட்டில் மா பிசைந்தால் எப்படி இருக்கும்? ஆள் நான்தான்.

ஹார்ட் சிக்கின் அடுப்பில். இஞ்சி, உள்ளி, மிளகு, இரண்டு துண்டு றம்பை. பொங்கிவரும் நுரையை அகப்பையால் வழித்துக்கொண்டே இருக்கவேண்டும், தீயை உயர்த்தினால் சூப் கலங்கிவிடும். இரண்டு கப் மா, மூன்று முட்டை, உப்பு. முதலில் கையில் ஒட்டும், பிறகு கல்லாகும், பத்து நிமிடம் பிசைந்தால் காதுமடல் பதத்துக்கு வரும். மூடி அரைமணி வைத்துப் பரத்தவேண்டும், மேசையின் நிறம் மாவுக்குள்ளால் தெரியும்வரை. நாடாவாக வெட்டி, உடுப்புக் காயவிடும் கம்பியில் பிள்ளைகளின் காலுறைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

மாமி பேஸ்மென்ரிலிருந்து படியேறி வந்தார். கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, உது நூடில்ஸ் இல்லை. இடியப்பத்துக்கு வந்த வருத்தம்.”

“மாமி, இது ஜெர்மன்காரர் செய்யிற முறை. இந்த ஊரில இருநூறு வருசத்துக்கு முந்தி...”

“அவையள் செய்யட்டும். அவையளிட்ட உரல் இல்லைப் போல. ஆர் ஆர் வருகினம்?”

“அண்ணா ஆக்கள் நாலு பேர் மாமி. எங்களோட ஒம்பது.”

“அப்ப பதின்மூண்டு எண்டு வையுங்கோ. ஆரும் கதவைத் தட்டுவினம்.”

மீதி மாவை எடுத்து, இன்னொரு முட்டை உடைத்து, வெந்நீர் தெளித்து இளக்கினார். இடியப்ப உரலுக்குள் அடைத்தார். உரலைச் சூப்புப் பானைக்கு மேலே பிடித்து ஒரே அமுக்கு. நூல் நூலாக விழுந்தது. ஒரு கணம் மூழ்கி, வெந்ததும் தானே மேலே மிதந்து வந்தது. பரத்தல் இல்லை, வெட்டல் இல்லை, காலுறை இல்லை. தென்ஜெர்மனியில் சுவேபியர்கள் ஷ்பெட்ஸ்லே என்று முட்டை மாவைத் துளைப்பெட்டியில் அடைத்துக் கொதிநீரில் பிழிவது இதே முறைதான். பெர்சி பிறந்த வல்லர்ஸ்டைன் அந்தச் சுவேபியச் சீமையில்தான் இருக்கிறது. இதை மாமியிடம் சொன்னேன்.

“அப்ப அவைக்கும் விளங்கியிருக்கு” என்றார்.

தேசிக்காய் பிழிந்து இறக்கும்போது கதவு தட்டுப்பட்டது. மூன்று பேர். மாமி எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு உரல் மா பிழிந்தார்.

கனடாவில் இன்று கோழிக்குப் பஞ்சமில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து எத்தனை கிலோ கோழி வளர்க்கலாம் என்று ஒட்டாவாவில் சபை கூட்டி ஒதுக்கீடு போடுகிறார்கள். மில்லிக்கனில் எந்த வீட்டிலும் இரண்டு கோழி வாங்க வசதி உண்டு. ஆனால் ஒதுக்கீடு போடுகிறவர்களால் ஒன்றைக் கணக்கிட முடியாது. தமிழ் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது பரிமாறி முடியும்வரை யாருக்கும் தெரியாது. கோழியைப் பெருக்க முடியாது, மாவைப் பெருக்கலாம். பட்டினி போன பிறகும் மோசடி நிலைத்திருப்பதன் இரகசியம் அவ்வளவுதான்.

நூற்பயன்

இப்புராணத்தைப் படித்தோர், பாக்கெற் நூடில்ஸைத் தொட்ட பாவம் நீங்கப்பெறுவர். படிக்கக் கேட்டோர், அடைமானத்து வட்டி குறையக் காண்பர். வீட்டில் மா பிசைந்து கோழிநூடில்ஸ் செய்வித்து உறவினரைக் கூட்டியோர், அவ்வுறவினர் மறுவாரமும் வரப் பெறுவர். மிச்சத்தை இரவு பானையிலேயே விட்டோர், நூடில்ஸ் சூப் முழுவதையும் குடித்து விடியுமுன் களியாகி நிற்பதைக் காண்பர். அதைத் தாச்சியில் போட்டு முட்டை உடைத்துக் கொத்தினால் இன்னும் நாலு பேருக்குக் காணும். சமைத்தவருக்குக் கழுத்து உண்டு. கழுத்தைக் கேட்டு யாரும் சண்டை பிடிக்கமாட்டார்கள்.